சுன்னாகத்துக் கிணறுகளும் இரண்டு கோடி ரூபாய் நீதியும்

கனடாவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் மடல் எழுதியிருந்தார். சுன்னாகத்தைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்ற பின் ஊரிலுள்ள வீட்டைத் திருத்தி, ஆண்டில் ஆறு மாதமாவது அங்கே வந்திருக்க விரும்புகிறார். வாசித்து மகிழ்ந்தேன். மடலின் நடுவில் இருந்த இரண்டு வரிகள் மட்டும் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. "கேஸ் வென்றாச்சு, இனிப் பைப் தண்ணியும் வருகுது. இந்த எண்ணெய்க் கதையை இன்னும் ஆர் தூக்கிப் பிடிக்கினம்?"

நான்தான் தூக்கிப் பிடிக்கிறேன், நண்பரே. அதற்கான காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நீங்கள் கேட்டதையே இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருந்து வேறு பலரும் கேட்கிறார்கள். கொழும்பில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். நல்லூரில் இருந்துகொண்டே கேட்பவர்களையும் நான் அறிவேன்.

ஒரு வழக்கு முடிந்தால் பத்திரிகைக்காரனுக்குச் செய்தி முடிந்துவிடும். தீர்ப்பு நாளன்று முதற் பக்கத்தில் இடம் கிடைக்கும், மறுநாள் ஆசிரியர் தலையங்கம் வரும், மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடும். இத்தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தண்ணீருக்குச் செய்தி முடிந்துவிட்டது என்று தெரியாது. அது நிலத்துக்குக் கீழே தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

* * *

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்று சிறுவயதிற் படித்தோம். அது முழு உண்மையன்று. வலிகாமத்தின் வடபுறத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை வழியே அராலிப் பக்கமாகக் கடனீரேரியை அடையும் வழுக்கையாறு இருக்கிறது. மாரியில் மட்டும் ஓடும். கோடையில் அதைத் தாண்டிச் செல்பவனுக்கு ஆற்றைத் தாண்டினோம் என்றே தெரியாது. ஆயினும் அதன் கரையிலுள்ள கந்தரோடை, குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் அங்கே அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து தோண்டினார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. மாரியில் மட்டும் ஓடும் ஆற்றின் கரையில் இவ்வளவு நெடுங்காலம் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கீழே ஓடிய ஆற்றால் வாழ்ந்தார்கள். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் துவாரங்களும் குகைகளும் நிறைந்த கல் அது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மெல்லிய செம்மண்ணின் ஊடாக இறங்கி அந்தக் கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் இலேசானது. ஆகையால் அது கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடியை உப்பு பிடித்துக்கொள்ளும் என்பதும் அதே கணக்குத்தான். நிலாவரைக் கிணற்றைப் பார்த்து அதிசயிக்கிறோம், கீரிமலைக் கேணியில் முழுகி எழுகிறோம். இரண்டும் இந்த நிலக்கீழ் நீர் தலைகாட்டும் இடங்களே.

இந்தச் சுண்ணக்கல் நீர்த்தேக்கங்களில் முக்கியமான ஒன்று வலிகாமத்தின் கீழ் இருக்கிறது. நீரியலார் அதைச் சுன்னாகத்தின் பெயராலேயே குறிப்பிடுவார்கள். ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் தோட்டங்களும், இணுவிற் புகையிலையும், சுன்னாகம் சந்தைக்கு வந்து குவியும் வெங்காயமும் மரக்கறியும் அந்த நீரால் விளைந்தவை. துலா மிதித்த காலம் முதல் மோட்டார் இறைக்கும் காலம் வரை அத்தனை பேரும் குடித்த நீரும் அதுவே.

அந்த நீர்த்தேக்கத்தின் தலையின்மேல்தான் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களை அமைத்தார்கள்.

* * *

மின்சார சபையின் பழைய நிலையம் சுன்னாகத்தில் நீண்டகாலம் இயங்கியது. போர் மூண்டு வடக்கு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட காலத்தில், குடாநாட்டுக்கு மின்சாரம் எண்ணெயிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. பின்னர் தனியார் வந்தனர். அவர்களுள் நொதேர்ன் பவர் நிறுவனம் 2009 முதல் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தை நடத்தியது. சில ஆண்டுகளில் அயற் கிணறுகளில் எண்ணெய் மணம் வீசுவதாகச் சனங்கள் சொல்லத் தொடங்கினார்கள். முதலில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. நாங்களும், அதாவது பத்திரிகைகளும், உள்பக்கத்தில் நாலு வரி போட்டதோடு சரி. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

2015இன் தொடக்கத்தில் சுன்னாகத்துக்குப் போனேன். ஒழுங்கைகளின் முகப்பில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்பட்டிருந்தன. பவுசர் வரும் நேரம் தெரியாமற் பெண்கள் குடங்களோடும் கலன்களோடும் காத்திருந்தார்கள். ஒரு வளவில் முதியவர் ஒருவர் கிணற்றில் வாளியை இறக்கி அள்ளி என்னிடம் நீட்டினார். "தம்பி, குடிக்க வேண்டாம், மணந்து பாருங்கோ" என்றார். மணந்தேன். வாகனம் திருத்தும் பட்டறையின் நிலத்து மணம். நீரின் மேற்பரப்பில் வெயில் பட்டபோது வானவில்லின் நிறங்கள் நெளிந்தன. "எங்கட அப்பு வெட்டின கிணறு. ஊரில ஆர் வீட்டுக் கலியாணமெண்டாலும் சமையலுக்கு இஞ்சைதான் அள்ளுவினம்" என்று சொல்லிவிட்டு, வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுவதென்று தெரியாமற் சற்று நேரம் நின்றார். பூமரத்துக்கு ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. கிணற்றிலேயே திருப்பி ஊற்றவும் மனம் வரவில்லை. அந்த நிற்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

முதியவரின் மூக்கு சொன்னதை ஆய்வுகூடமும் சொல்லியிருந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் மின்நிலையச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளைச் சோதித்தது. சோதித்தவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் எண்ணெயும் கொழுப்பும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. 2015 தை மாதத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்நிலையத்தின் இயக்கத்தை நிறுத்த உத்தரவிட்டது. சனங்கள் தெருவில் இறங்கினார்கள், மாணவர்களும் மருத்துவர்களும் அவர்களோடு நின்றார்கள்.

அப்போது நம்முடைய மாகாண சபை செய்ததை மறக்கக்கூடாது. 2013இல் நாம் பெருவாரியாக வாக்களித்து அமைத்த சபை அது. அது ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழுவின் முடிவு, கிணற்றடியில் நின்றவர்களின் அனுபவத்துக்கும் நீர் வழங்கல் சபையின் ஆய்வுக்கும் மாறாக, அச்சப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் வெளிவந்தது. குடிக்கலாமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்விக்குச் சனங்களுக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒரு அரச நிறுவனம் குடிக்காதே என்றது. இன்னொன்று பயப்படாதே என்றது. பிள்ளைக்குப் பால் கரைக்க அடுப்படியில் நிற்கும் தாய் எதை நம்புவாள்? நிபுணர்கள் தவறலாம், அது குற்றமன்று. ஆனால் இரு ஆய்வுகள் முரண்படும்போது மூன்றாவது ஆய்வை வெளிப்படையாகச் செய்வித்து, கிணறு கிணறாக முடிவைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் முரண்பாட்டையே அரசியலாக்கினார்கள். கொழும்பை நோக்கி நீட்டத் தெரிந்த சுட்டுவிரலைத் தம் பக்கம் திருப்பத் தெரியாத தலைமை அது.

* * *

2019 சித்திரை 4ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வழக்கைத் தொடுத்தவர் தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தேசியம் பேசிய நம் சட்டத்தரணிகளுள் எவரும் முந்திக்கொள்ளாத அடிப்படை உரிமை மனுவை ஒரு சிங்களவர் தாக்கல் செய்தார். நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய அத்தீர்ப்பு, இலங்கைச் சூழற்சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுன்னாகத்தின் நிலமும் நிலத்தடி நீரும் மாசடைந்தன என்றது. நொதேர்ன் பவர் அதற்குப் பொறுப்பு என்றது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையிற் தவறின என்றது. மாசு செய்தவனே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டைக் கையிலெடுத்தது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000ஆம் ஆண்டில் நம் நீதிமன்றமும், வேலூர்த் தோற்பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றமும் வகுத்த வழி அது.

எல்லாம் சரி. இனிக் கணக்கைப் பார்ப்போம்.

நிறுவனம் செலுத்த வேண்டிய தொகை இரண்டு கோடி ரூபாய். பாதிக்கப்பட்ட சுன்னாகவாசிகள் 500 பேருக்கு மேற்படாமல், ஒருவருக்கு 40 ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாமல், கிணற்றைத் துப்புரவாக்கிச் சீர்செய்யும் செலவில் ஒரு பகுதியாகவேனும் அதைப் பகிர வேண்டும். ஐந்நூறை நாற்பதாயிரத்தாற் பெருக்கினால் இரண்டு கோடி. கணக்கு அச்சொட்டாக வருகிறது. ஏற்பட்ட இழப்பில் ஒரு பகுதிக்கேனும் ஈடாக என்றே தீர்ப்பும் அடக்கமாகச் சொல்கிறது. முழு இழப்பும் இவ்வளவுதான் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் நாம்தான்.

நாற்பதாயிரம் ரூபாயில் ஒரு கிணற்றை இறைத்துச் சேறு அள்ளலாம், சுவரைக் கழுவலாம். மறுநாள் ஊறி வரும் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதே கல்லிலிருந்து வரும். கிணறு என்பது தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரமன்று, நிலத்தடி நீரைப் பார்ப்பதற்கு நாம் வெட்டிய சாளரம். சாளரக் கண்ணாடியைத் துடைத்தால் வெளியே உள்ள புகை போய்விடாது. மின்நிலைய வளாகத்தின் மண்ணுக்குள் எவ்வளவு எண்ணெய் ஊறியிருக்கிறது, அதை அகற்றுவது எப்படி, அகற்றும் பொறுப்பு யாருடையது ஆகிய கேள்விகளுக்குப் பதில் வராமல் ஒரு கிணறும் துப்புரவாகாது. பழைய மின்சார சபை நிலையத்தின் கழிவு எண்ணெய்க் குட்டை பற்றியும், போர்க்காலத்தில் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டமை பற்றியும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. தனியார் நிறுவனத்தின் தலையில் எல்லாவற்றையும் போட்டால் அரசு தப்பித்துக்கொள்ளும். அரசின் தலையிற் போட்டால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு நிற்கையில் எண்ணெய் மட்டும் எங்கும் போகவில்லை.

* * *

இக்கணக்கில் இன்னொரு குறையும் இருக்கிறது. அதை நம்மவர்கள் பேச விரும்பமாட்டார்கள்.

இழப்பீட்டின் அலகு கிணறு. கிணறு இல்லாதவன்?

வலிகாமத்தில் எல்லார் வளவிலும் கிணறு இருந்தது என்பது வசதியுள்ளோர் நினைவில் மட்டும் வாழும் யாழ்ப்பாணம். பங்குக் கிணற்றில் அள்ளியவர்கள் இருந்தார்கள். கோயிற் கிணற்றையும் பொதுக் கிணற்றையும் நம்பியவர்கள் இருந்தார்கள். அந்தப் பொதுக் கிணற்றிலும் அள்ள விடப்படாமல், யாராவது இரங்கி ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்து நின்ற மக்களும் இருந்தார்கள். கிணற்றில் நஞ்சு போட்டுப் பழிவாங்கிய கதைகளும் இந்த மண்ணின் கதைகளே. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது இதே சுன்னாகத்திலிருந்துதான். பொலிசார் தடியோடு மறித்ததும் இங்கேதான். தண்ணீர் அள்ளும் உரிமை அந்தப் போராட்டங்களின் மையக் கோரிக்கைகளில் ஒன்று. கிணற்றுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி சுன்னாகத்தில் எண்ணெய்க்கு முன்னரே இருந்த கேள்வி.

பிறகு 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும், மல்லாகம் கோணப்புலத்திலும், அயலிலுள்ள வேறு முகாம்களிலும் கிடுகுக்கும் தகரத்துக்கும் கீழே கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அவர்களுள் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றார்கள். சொந்த ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறுகளை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்தக் காணிகள் கட்டங்கட்டமாகத்தான் விடுபட்டன, இன்னமும் முழுமையாக விடுபடவில்லை. அவர்கள் குடித்ததும் இதே சுண்ணக்கல்லின் நீரே. அவர்கள் பெயரில் உறுதி எழுதப்பட்ட கிணறு இங்கே ஒன்றும் இல்லை. வாடகை வீட்டில் இருந்தவனுக்கும், குத்தகைத் தோட்டம் செய்தவனுக்கும், அடுத்த வளவில் அள்ளிக் குடித்தவளுக்கும் இதே நிலைதான். கிணற்றை எண்ணி நீதி வழங்கினால் இவர்கள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். தண்ணீர் குடித்த வாய்களை எண்ணியிருக்க வேண்டும்.

* * *

இந்தோனேசியாவில் மேற்கு யாவாவில் சிதாரும் என்றோர் ஆறு உண்டு. நெசவாலைகளின் சாயக் கழிவு கலந்து, உலகின் மிக அழுக்கான ஆறுகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. அதன் கரையில் வாழும் கிராமத்தவர்கள் அந்த நீரிலேயே குளித்துத் துவைத்து மீன்பிடித்து வந்தார்கள். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் போய்ப் படம் எடுத்தன. ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் கறுப்பாகவும் ஓடுவதைப் பார்த்து உலகம் முகம் சுளித்தது. 2018இல் ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ ஆணை பிறப்பித்து, ஏழாண்டுத் திட்டம் வகுத்து, இராணுவத்தையே ஆற்றில் இறக்கினார். ஆறு எவ்வளவு தெளிந்தது என்பது வேறு கதை. ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு வெட்கமாவது வந்தது. காரணம், அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது.

நம் ஆறு நிலத்துக்குக் கீழே ஓடுகிறது. அதற்குக் கரை இல்லை, பாலம் இல்லை, படமெடுக்க இடமில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வளவுக்குள் தன் கிணற்றைத் தனியே எட்டிப் பார்த்துத் தனியே கலங்குகிறது. ஆற்றங்கரையில் ஊர் கூடி அழலாம். கிணற்றடியில் வேலிக்குள் நின்றல்லவா அழ வேண்டியிருக்கிறது? நம்முடைய துன்பம் ஒரு பொதுத் துன்பமாக உருத்திரளாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே நாட்டிலிருந்து இன்னொரு செய்தி. யோக்யகர்த்தா நகரின் சோடே ஆற்றங்கரையில் ஏழைகளின் குடிசைகள் இருந்தன. அரசு அவற்றை இடிக்க முனைந்தது. மங்குன்விஜயா என்ற கத்தோலிக்கக் குரு, கட்டடக் கலைஞரும் நாவலாசிரியருமான அவர், அந்த மக்களோடு போய் வாழ்ந்தார். இடித்தால் உண்ணாநோன்பு இருப்பேன் என்றார். மூங்கிலும் மரமும் கொண்டு அவர்களோடு சேர்ந்து குடியிருப்பைத் திருத்திக் கட்டினார். 1992இல் அந்தக் குடியிருப்புக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. காணி உறுதி இல்லாதவனுக்கும் அந்தக் கரையில் வாழும் உரிமை உண்டு என்று பிடிவாதமாக நிற்க ஒரு படித்த மனிதர் அங்கே இருந்தார். சபாபதிப்பிள்ளை முகாமில் போய் இருந்த நம் படித்தவர்கள் எத்தனை பேர்? தேர்தலுக்கு முந்திய வாரத்தை நான் கணக்கிற் சேர்க்கவில்லை.

* * *

"பைப் தண்ணி வருகுது" என்கிறீர்கள். வருகிறது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுவரும் எண்ணத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கத் தீர்மானித்து, 2024 ஆகஸ்டில் தாளையடியில் அதற்கான நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை ஆக்கும் ஆற்றல் கொண்டது. நல்லது. தாகத்தோடு இருப்பவனுக்கு முன்னால் தத்துவம் பேச நான் வரவில்லை.

ஆனால் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். இவ்வகை நிலையங்களில் ஒரு கன மீற்றர் நீருக்கு மூன்று, நான்கு அலகுகள் செலவாவது உலக வழக்கம். தாளையடி முழு ஆற்றலோடு இயங்கினால் நாளொன்றுக்கு எழுபத்திரண்டாயிரம் முதல் தொண்ணூற்றாறாயிரம் அலகுகள் வரை தேவைப்படும். மின்சாரம் வேண்டும் என்று சொல்லி, மழை இலவசமாக நிரப்பித் தந்த நன்னீரைக் கெடுத்தோம். இன்று அந்த நன்னீருக்குப் பதிலாகக் கடலிலிருந்து நீர் எடுக்க மின்சாரத்தைச் செலவழிக்கிறோம். கட்டணம் யார் கட்டுவது? கிணறு கெட்டவன் கட்டுகிறான்.

மேலும், குழாய்நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போதும். தோட்டத்துக்கு? வெங்காயப் பாத்திக்குக் குழாய்நீர் இறைத்தவன் உலகத்தில் உண்டா? தோட்டக்காரன் எந்நாளும் கிணற்றைத்தான் நம்புவான். சுன்னாகம் சந்தையில் நாம் வாங்கும் கீரைக்கும் அந்த நீர்தான் பாயும். குழாய் வந்துவிட்டதால் கிணற்றை மறக்கலாம் என்பது நிலக்கீழ் நீரைக் கைகழுவி விடுவதற்கான நாகரிகமான சொல். குடிக்காத நீர்தானே என்று எண்ணத் தொடங்கிய மறுநாளே ஒவ்வொருவரும் தம் கழிவை அதற்குள் இறக்கத் துணிந்துவிடுவோம்.

அதையும் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். எண்ணெய்க்கு எதிராகக் கொடி பிடித்த கைகளே உர மூட்டையைப் பிரித்துக் கணக்கில்லாமற் கொட்டுகின்றன. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் சொல்லி வருகிறார்கள். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது குறைக்கும். இன்னொரு காரணி மலசலகூடக் குழி. பரப்புக் கணக்கில் காணி துண்டுபட்டுப்போன ஊரில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே பொதுவாகச் சொல்லப்படும் 50 அடி இடைவெளி கூட எத்தனை வளவில் இருக்கிறது? வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அந்த 50 அடியும் முழுக் காப்பன்று. வெளிநாட்டுக் காசில் எழும் மாடிவீடுகள் ஒவ்வொன்றிலும் மூன்று குளியலறை, நான்கு குளியலறை. அவற்றின் கழிவு எங்கே போகிறது என்று கட்டியவர் கேட்பதுமில்லை, கட்டுவித்தவர் கேட்பதுமில்லை. நண்பரே, உங்கள் வீட்டுத் திருத்த வேலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதைச் சொன்னால், "எண்ணெய்க் கம்பனியைக் காப்பாற்ற நைத்திரேற்றுக் கதை சொல்கிறான்" என்பார்கள். அப்படிச் சொல்லித் தப்ப முயன்றவர்களும் உண்டு என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதே. ஒருவன் வீட்டுக்கு நெருப்பு வைத்தான், நாமும் அடுப்பை அணையாமல் விட்டோம். நெருப்பு வைத்தவன் நம் அடுப்பைக் காட்டித் தப்பக்கூடாது. நாமும் அவனைக் காட்டி அடுப்பை எரியவிடக்கூடாது.

இன்னொரு வாதமும் உண்டு. போர்க்காலத்தில் இருளில் கிடந்தோம், மின்சாரம் வேண்டாமா என்பது. வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் செய்தி எழுதியவன் நான், வெளிச்சத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் எண்ணெயில் மின்சாரம் எடுப்பதற்கும், கழிவு எண்ணெயை நிலத்தில் விடுவதற்கும் என்ன தொடர்பு? கழிவைச் சேகரித்துக் காப்பான தாங்கியில் வைத்து அகற்றியிருந்தால் ஓரலகு மின்சாரமும் குறைந்திராது, இலாபம் சிறிது குறைந்திருக்கும். அந்தச் சிறிதைக் காக்கவே நம் நீரைக் கெடுத்தார்கள். திருப்பூரின் சாயப்பட்டறைகளும் இதே வாதத்தைச் சொல்லித்தான் நொய்யலாற்றைக் கெடுத்தன. வேலை வேண்டாமா, அந்நியச் செலாவணி வேண்டாமா என்று கேட்டன. கழிவை ஒரு துளியும் வெளியே விடக்கூடாது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடவைத்த பிறகு, சுத்திகரித்துக்கொண்டே சாயம் போடவும் முடியும் என்று அதே திருப்பூர் காட்டியது. முடியாது என்று சொல்பவன் பெரும்பாலும் செலவழிக்க விருப்பமில்லாதவன்.

* * *

என்ன செய்யலாம் என்று கேட்காமற் குறைகூறுவது என் தொழிலின் பழைய நோய். ஆகையால் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுன்னாகம், மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழை, உடுவில் பகுதிக் கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவைத் தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். எண்ணெய், நைத்திரேற்று, உப்பு மூன்றும் அதில் இருக்க வேண்டும். கிராம சேவகர் அலுவலகச் சுவரே போதும், இணையம் வேண்டியதில்லை. மின்நிலைய வளாகத்து மண்ணின் நிலையைச் சுயாதீனமாக ஆராய்ந்து அகற்றும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். பிறகு யாரிடமிருந்து அறவிட வேண்டுமோ அறவிடட்டும். கிணறு உள்ளவர் பட்டியலோடு, கிணறு இல்லாமல் அந்த நீரைக் குடித்தவர்களின் பட்டியலும் எடுக்கப்பட வேண்டும். அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். வழுக்கையாற்றின் வழியை மறித்துக் கட்டியவற்றை அகற்றி, ஊர்க்குளங்களைத் தூர்வாரி, மழைநீர் கல்லுக்குள் இறங்க விட வேண்டும். கெட்ட நீர்த்தேக்கத்துக்கு மருந்து ஒன்றே, புதிய மழை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று கனவு கண்டு கடனீரேரிகளை நன்னீராக்கத் திட்டம் எழுதினார். எழுபது ஆண்டுகளாக அதைப் பாராட்டிப் பேசுகிறோம். பாராட்டியது போதும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கோயிலுக்கு இராசகோபுரம் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு இருந்தால், ஒரு பாடசாலையில் நீர்ச் சோதனைக்கூடம் அமைக்கலாம். பிள்ளைகளே தங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதித்துப் பதிவு செய்வார்கள். நிபுணர் குழுவுக்கும் நிறுவனத்துக்கும் அமைச்சருக்கும் பதில் சொல்ல ஊரின் கையில் ஊரின் கணக்கு இருக்கும். 2015இல் நம்மிடம் இல்லாமற் போனது அதுதான். கண்ணீர் இருந்தது, கொடி இருந்தது, கணக்கு இருக்கவில்லை.

நண்பரே, வீட்டைத் திருத்துங்கள், வாருங்கள். மேசனைக் கூப்பிடுவதற்கு முன்னர் கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவுத் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள், படி எடுத்து அடுத்த வளவுக்கும் கொடுங்கள். உங்கள் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள் அந்த ஒழுங்கையில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் ஒரு படி கொடுங்கள். கேஸ் வென்றதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.